பூனைக்கு ஒரு வக்கீல்

பூனை வளர்க்கும் வீடுகளில் தினமும் காலையில் ஒரு வழக்கு நடக்கிறது. பால் பாத்திரத்தின் மூடி தரையில் கிடக்கிறது. ஆடையில் ஒரு பக்கம் மட்டும் காணவில்லை. அடுப்பு மேடையில் நாலு ஈரக் காலடிகள். குற்றம் சாட்டப்பட்டவர் ஃபிரிட்ஜின் மேல் உட்கார்ந்து முன்னங்காலை நக்கி முகம் துடைத்துக்கொண்டிருக்கிறார். சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. தீர்ப்பு மட்டும் உடனே வந்துவிடுகிறது: திருட்டுப் பூனை.

தமிழ் இந்த விஷயத்தில் பூனைக்குக் கொஞ்சமும் இடம் கொடுத்ததில்லை. நாய்க்கு நன்றி, பசுவுக்குப் புனிதம் என்று நல்ல பட்டங்களையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிட்டு, பூனைக்குப் பாத்திரம் உருட்டும் வேலையை மட்டும் ஒதுக்கியது. 'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்பது நம்பத் தகாதவனுக்கு நாம் வைத்த பெயர். 'இந்தப் பூனையும் பால் குடிக்குமா' என்பது வேஷக்காரனைப் பற்றிய கேள்வி. மாமல்லபுரத்தில் 7ஆம் நூற்றாண்டுச் சிற்பி, அர்ஜுனன் தபசுப் பாறையில் கைகளைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைச் செதுக்கிவிட்டு, பக்கத்திலேயே எலிகளையும் வைத்தான். கம்பர் அவையடக்கத்தில், ராமன் கதையைச் சொல்லத் துணிந்த தன் ஆசையை, பாற்கடல் முழுவதையும் நக்கியே குடித்துவிடக் கிளம்பிய ஒரு பூனையின் ஆசைக்கு ஒப்பிட்டார். பேராசைக்கு இதைவிடப் பெரிய உவமை கிடைக்கவில்லை போலும்.

இத்தனை புகார்களுக்கு நடுவே ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பூனை எதைத் திருடுகிறது? ஏன் அதையே திருடுகிறது? தெற்குக் கொல்கத்தாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இந்தக் கேள்வி தாமதமாகத்தான் தோன்றியது. தோன்றியபோது பூனைக்குப் பாதிப் பார்வை போயிருந்தது.

லேக் மார்க்கெட் வட்டாரம் தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம். முருங்கைக்காயும் வாழையிலையும் ஃபில்டர் காபிப் பொடியும் அங்கே தேடாமல் கிடைக்கும். கொஞ்சம் தள்ளி மீன்காரர்கள் நிமிர்ந்த அரிவாள்மணையைக் காலால் அழுத்திப் பிடித்து உட்கார்ந்து, ரோஹுவையும் கட்லாவையும் துண்டு போடுவார்கள். செவுளும் குடலும் எப்போது விழும் என்று சுற்றிலும் நாலைந்து பூனைகள் காத்திருக்கும். காபிப் பொடி வாங்க வரும் மாமிகள் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு அந்தப் பகுதியைக் கடப்பார்கள். ஒரே ஊரில் இரண்டு சமையலறைகள். சண்டை சச்சரவு இல்லாமல் பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன.

இந்த வட்டாரத்தில், இரண்டாவது மாடி ஃபிளாட் ஒன்றில் ஓய்வு பெற்ற அரசாங்க உத்தியோகஸ்தரும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். மகன் பெங்களூரில். சுத்த சைவம், வெங்காயம்கூட விசேஷ நாட்களில் கிடையாது. ஒரு மழைக்காலத்தில் தெருமுனைக் குப்பைத் தொட்டி அருகே நனைந்து கத்திக்கொண்டிருந்த சாம்பல் நிறக் குட்டியை அவர் குடைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். பிறந்து பிறந்து தங்காத வீட்டில், அடுத்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்துப் பெயர் வைப்பது பழைய வழக்கம். மாமி அதை நினைத்துத்தான் பெயர் வைத்தார்: குப்பு.

குப்பு தங்கியது. வளர்ந்தது. வீட்டை ஆள ஆரம்பித்தது.

முதலில் பால் பாக்கெட். விடியற்காலையில் கதவில் மாட்டிய பைக்குள் பால்காரர் போட்டுவிட்டுப் போனதும், குப்பு கம்பிக் கதவின் இடைவெளியில் கையை விட்டுப் பையை இழுத்து, பாக்கெட்டின் ஒரே மூலையை மட்டும் கடித்து வைக்கும். பிறகு தயிர். பாத்திரத்தின் மேல் தட்டு வைத்தால் தட்டைத் தள்ளும். தட்டின் மேல் குழவியை வைத்தால், பாத்திரத்தோடு சேர்த்துத் தள்ளும். நெய் ஜாடி, வெண்ணெய்க் கிண்ணம், திரட்டுப்பால் எதுவும் தப்பவில்லை. விருந்தாளி கொண்டுவந்த ரசகுல்லா மண்பானையில் தலையை விட்டு, பாகை விட்டுவிட்டுச் சேனாவை மட்டும் கடித்துவைத்தது.

இந்தக் கடைசிச் சம்பவத்துக்கு விஞ்ஞானத்தில் விளக்கம் இருக்கிறது. பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணரும் நாவின் ஏற்பி உருவாக இரண்டு ஜீன்கள் வேண்டும். பூனைக் குடும்பத்தில் அவற்றில் ஒன்று எப்போதோ பழுதாகிச் செயலிழந்துவிட்டது. புலிக்கும் சிறுத்தைக்கும்கூட இதே கதைதான். ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆராய்ச்சி மையம் 2005இல் இதைக் கண்டுபிடித்தது. ஆகவே பாயசத்தை நக்கும் பூனை, சர்க்கரைக்காக நக்கவில்லை. அதில் மிதக்கும் நெய்க்காகவும் பாலுக்காகவும் நக்குகிறது. இறைச்சியின், மீனின் சுவையை அறியும் ஏற்பி மட்டும் பூனைக்கு மிகக் கூர்மை. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, சூரை மீனில் உள்ள சில பொருட்கள் ஒன்றுசேர்ந்து அந்த ஏற்பியை எப்படித் தட்டி எழுப்புகின்றன என்று காட்டியது.

குப்புவின் இன்னொரு வித்தை, காலை 4 மணி. தலைமாட்டில் வந்து உட்கார்ந்து குறுகுறுவென்று ஓசை எழுப்பும். அன்பால் எழும் ஓசை அல்ல அது. பிரிட்டனின் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2009இல் இதை ஆராய்ந்தார்கள். சாப்பாடு கேட்கும்போது பூனை எழுப்பும் குறுகுறுப்புக்குள், கைக்குழந்தையின் அழுகையை ஒத்த மெல்லிய கீச்சுக்குரல் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று கண்டார்கள். பூனை வளர்த்து அறியாதவர்களுக்குக்கூட அதைக் கேட்டால் நிம்மதியாகப் படுத்திருக்க முடிவதில்லை. ஆனானப்பட்ட சர்க்கார் அதிகாரியே எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்ததில் ஆச்சரியம் இல்லை.

"காரியம் ஆகணும்னா காலைப் பிடிக்கறது, ஆயாச்சுன்னா திரும்பிப் பாக்கறதில்லை. நம்ம ஆபீஸ்ல பாத்த மனுஷா மாதிரியே இருக்கு" என்பார் மாமா.

உழைத்துச் சாப்பிடுவதிலும் பூனைக்கு நம்பிக்கை இல்லை. எலி, கரடி, பறவை முதல் குரங்கு வரை பல பிராணிகளுக்கு, சும்மா கிடைக்கும் தீனியையும் கொஞ்சம் முயன்று எடுக்க வேண்டிய தீனியையும் சேர்த்து வைத்தால், முயன்று எடுப்பதிலும் ஆர்வம் காட்டும். கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 17 பூனைகளிடம் இந்தச் சோதனையைச் செய்து 2021இல் வெளியிட்டார்கள். பூனைகள் தட்டில் இருந்ததையே பெரும்பாலும் தின்றன. அப்படிப்பட்ட பிராணி, குழவி வைத்த பாத்திரத்தை அரைமணி நேரம் போராடித் தள்ளுகிறது என்றால், தட்டில் இருப்பது அதற்குப் போதவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டில் யாரும் அப்படிக் கணக்குப் போடவில்லை.

பூனை தானாகவே கணக்குப் போட்டது. பக்கத்து ஃபிளாட்டில் ஒரு வங்காளிக் குடும்பம். மாமி அந்த வீட்டுப் பெண்மணியை 'பௌதி' என்று கூப்பிடுவார். அவர் மாமியை 'மாஷிமா' என்பார். இரண்டு பால்கனிகளுக்கும் நடுவே ஒரு சன்னமான சுவர் விளிம்பு. குப்பு அதன் வழியாகப் போய் மத்தியானம் மீன் முள்ளும் தலையும் தின்றுவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, சாயங்காலம் சைவமாகத் திரும்பி வரும். பௌதிக்குப் பூனை என்றால் புலியின் சித்தி. வங்காளத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சித்திக்கு ஒரு மீன் தலை கொடுப்பதில் அவருக்கு என்ன கஷ்டம்? இரண்டு வருஷம் இந்த ஏற்பாடு மாமிக்குத் தெரிந்தும் தெரியாமலும் நடந்தது.

ஒரு வைகுண்ட ஏகாதசி அன்று அது முடிவுக்கு வந்தது. குப்பு தன் பங்கை அங்கேயே தின்றிருக்கலாம். ஏனோ அன்றைக்கு ரோஹு மீனின் தலை ஒன்றை முழுசாகக் கவ்விக்கொண்டுவந்து, பூஜை அலமாரிக்கு முன்னால், மாமி போட்டிருந்த கோலத்தின் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தது. இரையை வீட்டுக்கு எடுத்துவருவது பூனையின் சுபாவம். பத்திரமான இடம் என்று அது நினைக்கும் இடத்தில்தான் வைக்கும். ஆனால் விரதத்தில் இருக்கும் ஒருவரிடம் இதை யார் விளக்குவது?

"ஏகாதசியும் அதுவுமா பெருமாள் முன்னாடி மீன் தலை! நான் என்ன பாவம் பண்ணினேன்? ஏன்னா, இன்னியோட இது ரெண்டுல ஒண்ணு ஆகணும்" என்றார் மாமி.

வெளியே விரட்ட மனசு வரவில்லை. அந்த வாரமே பால்கனிக்கு வலை அடித்தார்கள். ஜன்னல்களுக்கும் கொசுவலை. குப்பு வீட்டோடு அடைபட்டது. கைதிக்கு ராஜோபசாரம்தான். காலையில் பால், மத்தியானம் நெய் விட்ட பருப்பு சாதம், சாயங்காலம் இட்லித் துண்டு, ராத்திரி கெட்டித் தயிர் சாதம். நடுநடுவே பன்னீர். மாமி தன் கையால் பிசைந்து வைப்பார். முதலில் முரண்டு பிடித்த பூனை பிறகு எல்லாவற்றையும் தின்றது. தின்றுவிட்டு இன்னும் கேட்டது. பசி அடங்கவே இல்லை. ஒரு வருஷத்தில் உருண்டு திரண்டு ஆறு கிலோவைத் தாண்டியது. வந்தவர்கள் எல்லாரும் "அடேயப்பா, மாமி கை ராசி!" என்றார்கள்.

அளவான ஒரு வீட்டுப் பூனையின் எடை நாலு கிலோ என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 250 கலோரி போதும். ஒரு சுண்டெலியில் சுமார் 30 கலோரி. அதாவது தினம் ஏழெட்டு எலி. இயற்கையில் பூனை பகலும் இரவுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் பிராணியானது அதனால்தான். கொழுப்பு எடுக்காத பால் 100 மில்லியில் 85 கலோரி இருக்கிறது. நமக்குத் தொட்டுக்கொள்வது போலத் தெரியும் அந்த ஒரு கிண்ணம் பால், பூனைக்கு மனிதன் ஒரு வேளைக்கு நடுவே ஐந்தாறு தோசை தின்பதற்குச் சமம். போதாததற்கு, வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் சக்தி குட்டிப் பருவத்தோடு குறைந்துவிடுகிறது. வயிற்றுப்போக்குக்கு அதுவும் ஒரு காரணம். தெனாலிராமன் பூனை பாலைக் கண்டு ஓடியது நாக்கு சுட்ட காரணத்தால். வயிற்றின் நியாயப்படியும் அது ஓடியது சரிதான்.

குப்புவின் பிரச்னை எடையோடு நிற்கவில்லை. துர்கா பூஜைக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது சாமான்களை இடம் மாற்றினார்கள். கூடத்துக்கு நடுவே வைத்திருந்த இரும்பு பீரோவில் குப்பு நேராகப் போய் முட்டிக்கொண்டது. மறுநாள் நாற்காலியில். எப்போதும் ஒரே தாவலில் ஏறும் ஃபிரிட்ஜ் மேல் ஏறப் போய், விளிம்பு தவறி விழுந்தது. வெளிச்சத்திலும் கண்மணி விரிந்தே இருந்தது. அதுவரை அது வீட்டை மனப்பாடமாகத்தான் நடந்துகொண்டிருந்தது என்பது சாமான்களை நகர்த்திய பிறகுதான் தெரிந்தது.

கால்நடை மருத்துவர் பஞ்சு உருண்டை ஒன்றைச் சத்தமில்லாமல் பூனையின் கண்ணெதிரே விழவிட்டார். பூனை தலையைத் திருப்பவில்லை. கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தார். பிறகு கேட்டது ஒரே கேள்வி: "என்ன சாப்பிடுகிறது?"

மாமி பெருமையோடுதான் பட்டியலைச் சொன்னார். "ஒரு குறையும் வைக்கலை, டாக்டர்."

"மீன், கறி?"

"எங்க ஆத்துல அதெல்லாம் கிடையாது."

மருத்துவர் சொன்ன பெயர் டாரின். இது ஓர் அமினோ அமிலம். மனிதன், நாய், மாடு எல்லாம் தங்கள் உடம்பிலேயே இதைப் போதிய அளவு தயாரித்துக்கொள்ளும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறமை மிகக் குறைவு. பித்தநீரை உண்டாக்கும் வேலைக்கு அது டாரினைத் தினமும் செலவழிக்கிறது. வரவு இல்லாவிட்டால் இருப்பு கரைகிறது. வரவு மாமிசத்திலிருந்தும் மீனிலிருந்தும் மட்டுமே. அரிசியிலும் பருப்பிலும் அது இல்லை. பால், தயிர், முட்டையில் இருப்பது போதாது. எலியின் உடம்பில் நிறைய உண்டு.

டாரின் குறைந்தால் விழித்திரையின் செல்கள் ஒவ்வொன்றாக அழியும். 1975இல் அமெரிக்க விஞ்ஞானிகள் இதை நிரூபித்தார்கள். அந்தச் சோதனையில் பூனைகளுக்குப் புரதமாகக் கொடுக்கப்பட்டது கேஸின். அதாவது பாலின் புரதம். பால் புரதத்திலேயே வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைந்தது. 1987இல் டேவிஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். இதயத் தசை தளர்ந்து சாகக் கிடந்த பூனைகளின் ரத்தத்தில் டாரின் மிகக் குறைவாக இருந்தது. டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் மீண்டும் பலம் பெற்றது. விலைக்கு விற்ற பூனை உணவுகளைத் தின்ற பூனைகளுக்கே இந்தக் கதி. அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள்.

இதயம் தேறும். கண் தேறாது. போன செல்கள் போனவைதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம். குப்புவுக்கு மிச்சம் இருந்தது ஓரப் பார்வை கொஞ்சம்.

"அது பசிக்கிறது என்று உங்களிடம் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நீங்கள் வயிற்றுக்குப் போட்டீர்கள், அது கண்ணுக்குக் கேட்டது" என்றார் மருத்துவர்.

பேராசை என்று பட்டம் சூட்டுமுன் யோசிக்க இன்னும் சில காரணங்கள் உண்டு. வயிற்றில் புழு இருந்தால் பூனை எவ்வளவு தின்றாலும் அடங்காது. சர்க்கரை வியாதி பூனைக்கும் வரும். குண்டான பூனைக்கு அதிகம் வரும். வயதான பூனை மாய்ந்து மாய்ந்து தின்றும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தபின் பசி கூடும், தேவை குறையும்; அந்தச் சிகிச்சை அவசியம்தான், ஆனால் தட்டின் அளவைக் குறைக்க வேண்டும். அதற்காகக் குண்டுப் பூனையைத் திடீரென்று பட்டினி போடவும் கூடாது. ஓரிரு நாள் எதுவும் தின்னாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய் அடைத்து உயிருக்கு ஆபத்தாகலாம். சாம்பார் சாதம் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், வெந்திருந்தாலும். நம் வீட்டில் ஜுரத்துக்குப் போடும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

மீன் மட்டுமே போட்டாலும் சரியில்லை. சில பச்சை மீன்களில் உள்ள ஒரு பொருள் 'பி-1' வைட்டமினை அழித்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை போகும். வேகவைத்த தண்ணீரில்தான் டாரின் இறங்கியிருக்கும் என்பதால் அதைக் கொட்டாமல் சேர்த்துப் போட வேண்டும். முள்ளை எடுத்துவிட வேண்டும். மாமிசத்தில் பூனைக்கு வேண்டியது டாரின் மட்டுமல்ல. காரட்டிலிருந்து 'ஏ' வைட்டமினை நாம் தயாரித்துக்கொள்வோம், பூனையால் முடியாது. அது தயாராகக் கிடைக்க வேண்டும். நாய்த் தீனி பூனைக்கு உதவாது என்பதும் இதனால்தான். நாயைப் பழக்கிச் சைவமாக்குவது ஓரளவு நடக்கும். பூனையைச் சைவமாக்குவது நடக்காது.

ஏற்கெனவே இதையெல்லாம் ஒரு பூனை வாதாடியிருக்கிறது, அதே வங்காளத்தில். பங்கிம் சந்திரரின் 'கமலாகாந்தர் தப்தர்' வரிசையில் 'பிடால்' (பூனை) என்று ஒரு கட்டுரை. அபின் மயக்கத்தில் கிடக்கும் கமலாகாந்தன் தனக்கு வைத்திருந்த பாலைப் பூனை குடித்துவிடுகிறது. அவன் தடியைத் தூக்குகிறான். மயக்கத்தில் பூனையின் பேச்சு அவனுக்குக் கேட்க ஆரம்பிக்கிறது. தின்ன இருந்தால் யார் திருடுவார்கள், திருடனைத் தண்டிக்கிறீர்களே, தேவைக்கு மேல் குவித்து வைத்துக்கொண்டு கொடுக்காதவனை ஏன் தண்டிப்பதில்லை என்கிறது பூனை. திருடனுக்குத் தண்டனை கொடுக்கப்போகும் நீதிபதி முதலில் மூன்று நாள் பட்டினி கிடந்து பார்க்கட்டும். அதன் பிறகும் அவருக்குத் திருடத் தோன்றவில்லை என்றால் தாராளமாகத் தூக்கில் போடட்டும் என்று வாதத்தை முடிக்கிறது. இதை எழுதிய பங்கிம், உத்தியோகத்தில் டெபுடி மாஜிஸ்ட்ரேட்.

நாற்பது வருஷம் அந்த ஊரில் இருந்து வங்காளி படிக்கக் கற்ற மாமா இதை மாமியிடம் சொன்னார். மாமி பதில் சொல்லவில்லை. பதில் சொன்னது பௌதி. அவரிடம் இன்னொரு கதை இருந்தது.

வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் தெய்வம் ஷஷ்டி தேவி. அவளுடைய வாகனம் பூனை. ஜ்யேஷ்ட மாத வளர்பிறை ஷஷ்டியில், மாப்பிள்ளைகளுக்கு விருந்து வைக்கும் நாளில், விரதமிருக்கும் பெண்கள் சொல்லும் கதை இது. ஒரு வீட்டுக் கடைசி மருமகளுக்குத் தின்பண்டத்தில் ஆசை அதிகம். மீனையும் பாலையும் ரகசியமாகத் தின்றுவிட்டு, பழியைக் கறுப்புப் பூனை மேல் போடுவாள். பூனை அடி வாங்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு அது தேவியிடம் போய் முறையிடுகிறது. மருமகள் பெற்ற குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. கடைசியில் அவள் தேவியின் காலில் விழுந்து, பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே குழந்தைகள் திரும்பி வருகின்றன. பங்கிம் பூனைக்கு வக்கீல் வைத்தார் என்றால், வங்காளத்துப் பெண்கள் அதற்கு ஒரு மேல்கோர்ட்டே ஏற்படுத்தியிருந்தார்கள்.

சைவம் என்பது ஒரு குடும்பம் தனக்குத் தானே விதித்துக்கொண்ட விரதம். விரதத்தின் பெருமையே அது சொந்த விருப்பம் என்பதில் இருக்கிறது. அதை இன்னொரு உயிரின் வயிற்றின் மேல் சுமத்தும்போது, விரதம் நம்முடையதாகவும் பட்டினி அதனுடையதாகவும் ஆகிவிடுகிறது. பூனைக்குத் தயிர் சாதம் போடும் வீடுகள் டெல்லியிலும் மும்பையிலும் சென்னையிலும் ஏராளம். வெளியே சுற்றி எலியும் பல்லியும் பிடிக்கும் வரை அந்தப் பூனைகளுக்கு ஆபத்தில்லை. தயிர் சாதம் அவற்றுக்குச் சிற்றுண்டிதான். இப்போது நாம் மாடி ஃபிளாட்டில் வலை அடித்து, பத்திரம் என்று நினைத்துப் பூனையை உள்ளே வைக்கிறோம். வண்டியிலிருந்தும் தெரு நாயிடமிருந்தும் அது தப்பிக்கிறது, உண்மை. ஆனால் கதவைச் சாத்திய அன்றே, எலி போட வேண்டிய பொறுப்பு சாத்தியவர் தலையில் வந்து விடுகிறது. அந்தப் பொறுப்பை ஏற்க மனசாட்சி இடம் கொடுக்கவில்லை என்றால், அதிலும் தவறில்லை. பூனை வளர்க்காமல் இருக்கலாம்.

அந்தக் குடும்பம் தன் வழக்கை இப்படித் தீர்த்துக்கொண்டது. பால்கனி மூலையில் ஒரு தனித் தட்டு. பூனைக்கென்று தயாரித்த டாரின் சேர்த்த உணவு, அளந்து, ஒரு நாளைக்கு நாலு வேளை. மாமி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் வாங்குகிறார். கையால் தொடுவதில்லை, அதற்கென்று ஒரு நீளக் கரண்டி. வாரத்தில் இரண்டு நாள் பௌதி, முள் எடுத்த மீனை மஞ்சளோ உப்போ போடாமல் வேகவைத்து, தண்ணீரோடு கொண்டுவந்து வைக்கிறார். முன்பு சுவர் விளிம்பு வழியாக வந்தது இப்போது வாசல் வழியாக வருகிறது.

"நான் சாப்பிடலை, அதுக்குப் போடறேன். பகவான்தானே அதுக்கு இப்படி ஒரு வயித்தை வச்சிருக்கான்? கணக்கையும் அவனே பாத்துக்கட்டும்" என்கிறார் மாமி, யாரும் கேட்காமலே.

குப்பு ஒரு கிலோவுக்கு மேல் இளைத்தது, ஆறேழு மாதத்தில், மெதுவாக. பால் பாக்கெட்டைக் கடிப்பதை விட்டுவிட்டது. வீட்டில் சாமான்களை இப்போது நகர்த்துவதில்லை. நவராத்திரிக்குக் கொலுப்படிகூட வருஷா வருஷம் அதே மூலையில்தான். கிழக்குப் பார்த்து வைக்க வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு, பூனைக்குக் கண் தெரியாது என்று பதில் கிடைக்கிறது.

திருட்டு அடியோடு நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. போன கோகுலாஷ்டமி அன்று, நைவேத்தியத்துக்கு எடுத்து வைத்த வெண்ணெயில் ஒரு மூலையைக் காணவில்லை. கண் சரியாகத் தெரியாவிட்டாலும் மூக்கு பழுதாகவில்லை. பசி காரணம் என்று வாதாட இந்தத் தடவை வழியில்லை. வயிறு நிறைந்த பூனைதான். மாமி கிண்ணத்தைப் பார்த்தார், ஃபிரிட்ஜின் மேல் முகம் துடைத்துக்கொண்டிருந்த குப்புவைப் பார்த்தார், பூஜை அலமாரியில் தவழ்ந்துகொண்டிருந்த கிருஷ்ணனைப் பார்த்தார். இந்தக் குற்றத்துக்கு முன்னுதாரணம் உள்ளேயே இருந்தது. வழக்கு தள்ளுபடி ஆயிற்று.